கண்ணடித்தது யாருக்கும் தெரியவில்லை

ஆகஸ்ட் 4, திங்கள்

பிசியோ பெண் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பதினொரு மாதம் பார்த்தாயிற்று. "இனிமே வந்தா வரும், வரலன்னா இல்ல. பயிற்சிய வீட்டுலயே செஞ்சுக்குங்க தாத்தா" என்றாள். என் மூஞ்சியின் வலது பக்கத்தைத்தான் சொல்கிறாள், ஏதோ கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரனைச் சொல்வது போல.

முகவாதம் வந்தது போன செப்டம்பரில். காலையில் பல் தேய்த்துக் கொப்பளித்தால் தண்ணீர் தன்னால் ஒழுகியது. அன்றிலிருந்து வலது பாதி என்னுடையது இல்லை. கண் முழுசாக மூடாது. நான் டீ குடித்தால் சட்டையும் குடிக்கும். வலி இல்லை. எரிச்சல் இல்லை. ஒன்றுமே இல்லை, அதுதான் விஷயம்.

போகும்போது ஒரு காகிதம் கொடுத்தாள். பக்கத்துக் கல்லூரியில் நடிப்பு வகுப்பாம். நாடகம் படிக்கிறவர்களுக்கு இல்லை, மற்ற பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆரம்பப் பாடம். அறுபது தாண்டிய வெளியாட்களும் உட்காரலாமாம். "அங்க மூஞ்சிக்கு நல்லா வேல குடுப்பாங்க" என்றாள். எட்டாங்கிளாஸோடு நின்றவன் நான். வீட்டுக்காரியிடம் காட்டினேன். "இத்தன வருஷம் தெரியாம நடிச்சீங்க. போய்த் தெரிஞ்சுக்கிட்டு நடிங்க" என்றாள். முன்பெல்லாம் இப்படிச் சொன்னால் கூடவே ஒரு சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை. வயது.

டிரைவர் இன்றும் வரவில்லை. பத்தொன்பது நாள். ஒரே பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் அவன் டிரைவர், நான் கண்டக்டர். ரிட்டயர் ஆன பிறகும் தினம் சாயங்காலம் இங்கே வருவான். ஒருத்தர் காலை ஒருத்தர் வாருவோம். ஏழு மணிக்குக் கிளம்புவான். ஜூலை 16 அன்று வந்தவன், "மகன் அவன்கூட வந்து இருக்கச் சொல்றான். நீ என்னய்யா சொல்ற?" என்று கேட்டான். பெண்டாட்டி போன பிறகு தனியாள், பாத்ரூமில் விழுந்து முழங்கால் வீங்கிக் கிடந்தவன். நான் வழக்கம்போல ஏதோ சொன்னேன். எழுந்து போனான். அவ்வளவுதான். முரண்டு. ஆம்பளைக்கு வயதாகிவிட்டால் மாமியார் ஆகிவிடுகிறான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கல்லூரிக்குப் போனேன். செருப்பை வாசலில் விடச் சொன்னார்கள். கறுப்புச் சுவர், பலகைத் தரை, ஜன்னலுக்குக் கனமான திரை. பெஞ்சு கிடையாது. பதினாலு பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு, கம்ப்யூட்டர், கெமிஸ்ட்ரி என்று ஆளுக்கொரு படிப்பு. ஏன் இங்கே சேர்ந்தீர்கள் என்று கேட்டதற்குப் பாதிப் பேர், "செவ்வாக்கிழமை காலையில இது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார்கள். வாத்தியாரம்மா அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்பது வயதிருக்கும், வெறுங்காலோடு நடக்கிறவர்.

என் முறை வந்தது. "நான் கண்டக்டர். உங்களப் பாத்தா பதினாலு பேரும் டிக்கெட் எடுக்காம உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு" என்றேன். ஒரு குஞ்சுகூடச் சிரிக்கவில்லை. மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒருவன் எழுந்து, "சாரிங்க" என்று சொல்லித் தள்ளி உட்கார்ந்தான். பெஞ்சையெல்லாம் வித்துத் தின்னுட்டீங்களா என்று வாத்தியாரம்மாவைக் கேட்டேன். நடமாட இடம் வேண்டும், அதனால்தான் போடவில்லை ஐயா என்று பொறுமையாக விளக்கினார்.

இந்தக் காலத்தில் கேலி செத்துப்போய்விட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்தது. டிரைவர் வரவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ரொட்டிக்கடையில், "இது நேத்து ரொட்டியா, போன வருஷத்து ரொட்டியா?" என்று கேட்டேன். பத்து வருஷமாகக் கேட்கிற கேள்வி. "உங்க வயசு ரொட்டி" என்பான் கடைக்காரன். இன்றைக்கு அதை எடுத்துவிட்டு வேறு ரொட்டி வைத்தான். அவனுக்கும் என்னவோ.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றைக்குக் கண்ணாடிப் பயிற்சி. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருத்தர் ஆள், ஒருத்தர் கண்ணாடி. ஆள் செய்வதைக் கண்ணாடி அப்படியே செய்ய வேண்டும். பேசக் கூடாது. எனக்குக் கண்ணாடியாக வாய்த்தது கெமிஸ்ட்ரி படிக்கிற பெண். கெமிஸ்ட்ரி என்றே பெயர் வைத்துவிட்டேன். சோதனைக் குழாயைப் பார்க்கிற மாதிரி எதையும் உற்றுப் பார்க்கிறவள்.

கை தூக்கினேன், தூக்கினாள். காதைச் சொறிந்தேன், சொறிந்தாள். இவளைச் சிரிக்க வைக்காமல் விடக் கூடாது என்று, புருவத்தைத் தூக்கி, ஒரு சிரிப்புச் சிரித்து, கண்ணடித்தேன். ஸ்டாப்பில் ஏன் நிறுத்தவில்லை என்று சட்டையைப் பிடிக்க வந்தவன்கூட அந்தக் கண்ணடிப்பில் சிரித்துவிட்டுப் போயிருக்கிறான்.

அவள் முகம் மாறியது. ஒரு பக்கம் செத்துத் தொங்கியது. மறு பக்கத்தில் உதட்டின் ஓரம் மட்டும் மேலே இழுத்துக்கொண்டது. கண் இமைக்காமல் என்னையே பார்த்தது. காலில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை.

"ஏம்மா, நீ கண்ணடிக்கலையே?" என்றேன், பேசக் கூடாது என்பதை மறந்து.

"நீங்க கண்ணடிக்கலையே தாத்தா."

"அடிச்சேனே."

"இல்லியே."

"அப்ப நான் என்னதான் பண்ணினேன்?"

கொஞ்சம் யோசித்தாள். "முறைச்சீங்க. அப்புறம் இளப்பமா ஒரு மாதிரி... இப்ப நான் பண்ணினேனே, அதான். தப்பா பண்ணிட்டேனா?"

"இல்ல. சரியாத்தான் பண்ணியிருக்க."

வீட்டுக் கண்ணாடியில் தினம் மூன்று வேளை பார்க்கிற மூஞ்சிதான். ஈ, ஊ, கன்னத்தை ஊது, புருவத்தைத் தூக்கு. ஆனால் தனியாகக் கண்ணாடி முன்னால் நின்று எவன் கேலி பேசுவான்? பேசும்போது இது எப்படி இருக்கிறது என்று பதினொரு மாதத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ஜூலை 16. என்ன சொன்னேன்? எழுதிப் பாக்கிறேன்.

"போய்த்தொலை. இருபத்திரண்டு வருஷம் உன் முதுகையே பாத்தாச்சு. மிச்ச காலத்துக்கு உன் மகன் பாக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிட்டுக் கண்ணடிச்சேன்.

கண்ணடிச்சேனா?

வலது கண்ணு. எப்பவும் வலதுதான். இடது கண்ணத் தனியா மூட எனக்கு வராது.

அவனுக்கு என் வியாதி தெரியாதா? தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே அவன்தான். தெரிஞ்சு என்ன? பஸ்ஸுல அவன் தலைக்கு மேல ஒரு நீளக் கண்ணாடி இருக்கும். இஞ்சின் சத்தத்துல நான் கத்துறது எதுவும் அவன் காதுக்குப் போவாது. கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவான் — எவனுக்கு வாந்தி, எவன் தகராறு, எந்த ஸ்டாப்புல செக்கிங் ஏறப் போறான். இருபத்திரண்டு வருஷத்துல என் வார்த்தைய அவன் கேட்டதே இல்ல. மூஞ்சியத்தான் படிச்சான். அன்னைக்கும் அதத்தான் படிச்சிருக்கான்.

நெஞ்சு பதறணும் இல்ல? பதறல. உள்ளேயும் வலது கன்னம் மாதிரியே கெடக்கு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டிரைவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, "வாங்க. உக்காருங்க" என்றான்.

"என்னய்யா புதுசா வாங்க போங்க?"

"வயசாச்சு இல்ல."

ஹாலில் அட்டைப் பெட்டிகள். பாத்திரம் ஒன்றில், அவன் பெண்டாட்டியின் தையல் மெஷின் ஒன்றில், பழைய யூனிஃபார்ம் ஒன்றில். மகன் அக்டோபர் 12 அன்று வேன் எடுத்துக்கொண்டு வருகிறானாம். அன்றைக்குச் சொன்னது கேலி என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாயைத் திறந்தால், "பெட்டிய நல்லாக் கட்டு, உன் மருமக பிரிச்சுப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிடப் போறா" என்று வருகிறது. அறுபத்தெட்டு வருஷமாக வேறு மாதிரி பேசிப் பழகாத வாய். அவன் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "அனுப்பினா உங்க வீட்டுப் பக்கம் வர மாட்டேன், பயப்படாதீங்க" என்றான்.

டீ போட்டுக் கொடுத்தான். சட்டையும் குடித்தது. வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

'கதவைச் சாத்து' என்ற ஒரே வரி. அதைக் கெஞ்சிச் சொல்ல வேண்டும், மிரட்டிச் சொல்ல வேண்டும், ரகசியமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் 'சாரிங்க' சொன்ன பையனுக்கு மீசை என்று பெயர் வைத்திருக்கிறேன். அவன் கெஞ்சினால் கதவே இரங்கிச் சாத்திக்கொள்ளும். நான் எப்படிச் சொன்னாலும் வீட்டைக் காலி பண்ண வந்தவன் மாதிரி இருக்கிறது என்று கெமிஸ்ட்ரி சொன்னாள்.

வாத்தியாரம்மா பக்கத்தில் வந்து குந்தினார். "மூஞ்சிய விட்டுடுங்க ஐயா. அத மறந்துடுங்க. எதிர்ல இருக்கிற ஆளுக்கிட்டருந்து உங்களுக்கு என்ன வேணும்? அது ஒண்ண மட்டும் பிடிச்சுக்குங்க."

என்ன வேணும்?

வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். டிரைவர் போகக் கூடாதா? போகட்டும். அங்கே விழுந்தால் தூக்க ஆள் இருக்கும். அப்புறம் எனக்கு என்னதான் வேணும்? தெரியவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வகுப்பில் மரமாக நின்றோம். நான் நன்றாக நின்றேனாம்.

செப்டம்பர் 3, புதன்

மத்தியானம் சாப்பிடும்போது வீட்டுக்காரியிடம், "உப்பு எங்க, தேடிக்கிட்டிருக்கேன், வீட்ட விட்டு ஓடிடுச்சா?" என்றேன். தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முன்பென்றால் விட்டிருப்பேன். என் தட்டோடு பின்னாலேயே போனேன்.

"இப்ப நான் சொன்னது என்னன்னு நெனச்ச?"

"என்னத்த நெனைக்கிறது. திட்டுனீங்க."

"கேலிடி."

பாத்திரம் கழுவுகிறவள் நிறுத்தினாள். "அப்ப போன மாசம், என் தங்கச்சி வந்தப்ப, உங்க குடும்பத்துல எல்லாரும் வாய்க்குப் பொறந்தவங்கன்னு சொன்னீங்களே?"

"கேலி."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, ஓசியில படுக்க ஒரு சாக்குன்னு?"

"அதுவும்தான்."

குழாயை மூடினாள். "ஒரு வருஷமா நெசமாத் திட்டுறீங்கன்னு நெனச்சேன். வியாதிக்காரரு, எரிச்சல்ல பேசுறாரு, பொறுத்துப் போவோம்னு இருந்தேன்." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். அழவில்லை. அழுது முடித்த ஆள் மாதிரி இருந்தாள்.

ஒரு வருஷம். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும்.

எனக்கு அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. தட்டில் மிச்சமிருந்ததை அங்கேயே நின்று சாப்பிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

வீட்டுக்காரியோடு ஒரு ஒப்பந்தம். கேலி பேசும்போது கையைத் தூக்கிவிட வேண்டும். இன்றைக்கு ஒன்பது தடவை தூக்கினேன். "பள்ளிக்கூடத்துல இப்படித் தூக்கியிருந்தா எட்டாவதத் தாண்டியிருப்பீங்க" என்றாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒரு காலி நாற்காலி. அதில் யாரோ இருப்பதாக நினைத்து, அவர்களிடம் கேட்க நினைத்ததைக் கேட்க வேண்டும். மீசை செத்துப்போன நாயிடம் பேசினான். கெமிஸ்ட்ரி அவள் அப்பாவிடம் ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாள். ஏன் கேட்க வேண்டியிருக்கிறது என்று சொல்லவில்லை.

நான் போய் நின்றேன். வாத்தியாரம்மா சொன்னபடி மூஞ்சியை விட்டுவிட்டேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"யோவ்" என்றேன். "போகாதன்னு சொல்ல வரல. போ. நான் போகச் சொன்னேன்னு மட்டும் போகாத."

வேறு ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மீசை மூக்கை உறிஞ்சினான். வாத்தியாரம்மா மெதுவாக, "அந்தக் கண்ணீரத் துடைக்காம விட்டீங்களே ஐயா, அதுதான்" என்றார். வலது கண் சும்மாவே ஒழுகும் என்று அவருக்கு யார் சொல்வது. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 20, சனி

சொல்லிவிட்டேன். டிரைவரைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்து, எதிரே நின்று, வகுப்பில் சொன்னதை அப்படியே சொன்னேன். கேலி இல்லை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஜூலையில் சொன்னது விளையாட்டு, கண்ணடித்தேன், கண் மூடவில்லை என்பதையும் சொன்னேன்.

கடைசிவரை கேட்டான். அப்புறம் என்ன சொன்னான் தெரியுமா.

"நல்லா நடிக்கிறீங்க. தங்கச்சி போன்ல சொல்லிச்சு, நடிப்பு கத்துக்கக் காலேஜ் போறாருன்னு. எத்தன மார்க் போடணும்?"

தங்கச்சின்னு என் வீட்டுக்காரியத்தான் சொல்றான். அவ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல.

"நெசமாச் சொல்றேன்யா."

"இத்தன வருஷத்துல நீங்க நேராப் பேசி நான் பாத்ததே இல்ல. இப்பப் பேசுறீங்க. அப்ப இது கத்துக்கிட்டதுதான?"

விளையாட்டாச் சொன்னத நெசம்னு எடுத்துக்கிட்டான். நெசத்தச் சொன்னா நடிப்புங்கிறான். எனக்கு மூணாவது வழி ஒண்ணும் தெரியாது. இருந்தா எட்டாவதுக்கு மேல சொல்லிக்குடுத்திருப்பாங்களோ என்னவோ.

படி இறங்கும்போது கால் மரத்திருந்தது. உட்காரவே இல்லை, எப்படி மரத்தது?

செப்டம்பர் 23, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. கை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. "உடம்பு முடியலையா?" என்றாள் வீட்டுக்காரி. முடிகிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

கடைசி வகுப்பு. பிள்ளைகள் சின்னச் சின்ன நாடகம் போட்டார்கள். நான் ஒன்றில் சுவர். முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டும்போது வாத்தியாரம்மாவிடம் கேட்டேன்: "நெசத்தச் சொன்னா நடிக்கிறேன்னு சொல்றாங்க. என்ன பண்றதும்மா?"

எனக்குப் புத்தி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியை மடக்கிக்கொண்டே, "தெரியல ஐயா. என் வீட்டுலயும் அதே கதைதான். நான் அழுதா, ஆரம்பிச்சுட்டாங்கிறாங்க" என்றார். இரண்டு நாற்காலியை நானும் மடக்கி வைத்தேன்.

கெமிஸ்ட்ரி வாசலில் நின்று, "போய்ட்டு வரேன் தாத்தா" என்றாள். "அப்பா வரச் சொன்னாரா?" என்று கேட்டேன். "இன்னும் கேக்கல" என்றாள்.

அக்டோபர் 8, புதன்

டிரைவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. போய் என்ன சொல்ல.

அக்டோபர் 12, ஞாயிறு

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலை ஒன்பது மணிக்குக் கால் அங்கே நின்றது.

வேனில் ஏற்றி முடித்திருந்தார்கள். கட்டில், மெத்தை, பீரோ, பெட்டிகள். என்னைப் பார்த்தான், தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

அந்தச் சந்தில் வண்டி திரும்பாது. பின்னாலேயேதான் மெயின் ரோடுவரை எடுக்க வேண்டும். வலது பக்கம் சுவர், இடது பக்கம் மூடி இல்லாத சாக்கடை. மகன் ஆபீஸ் வேலைக்காரன், கார் ஓட்டுகிறவன். மூன்று தடவை எடுத்தான், மூன்று தடவையும் சுவரோடு உரசி நிறுத்தினான். சாக்கடை ஓரத்துக் கம்பங்களில் இடிக்கும் என்று இடது பக்கக் கண்ணாடியை மடக்கித்தான் வைத்திருந்தார்கள். உள்கண்ணாடியில் மெத்தையைத் தவிர எதுவும் தெரியாது.

மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் இறங்கினான். "எறங்குடா" என்றான் மகனிடம்.

"அப்பா, முழங்கால்..."

"எறங்கு."

கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தான். நான் வேனுக்குப் பின்னால் போய் நின்றேன். யாரும் சொல்லவில்லை. வேறு எங்கே நிற்பேன்? வேனின் உடம்பில் கையை வைத்தேன்.

"வரலாம்" என்றேன்.

வந்தான்.

"வரலாம், வரலாம். லேசா இடது. போதும். நேரா வா."

சாக்கடைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இடம் குறைந்துகொண்டே வந்தது. அவனுக்கு அது தெரியாது. தெரிய வழியே இல்லை. நான் நின்ற இடத்தில் இருந்து என் மூஞ்சியும் அவனுக்குத் தெரியாது. தட்டினேன், வந்தான். கடைசித் திருப்பத்தில் மகன், "அப்பா, நிறுத்துங்க" என்று கத்தினான். நான், "வரலாம்" என்றேன். வந்தான். ஒரு தடவைகூட பிரேக் விளக்கு எரியவில்லை. ரோட்டில் ஏறி நின்றான்.

மகனுக்கு இடம் விட்டு மாறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் பக்கம் போனேன். வியர்த்திருந்தான்.

"சாக்கடைக்கு எவ்வளவு இருந்துச்சுய்யா?" என்றான்.

"நாலு விரல்."

"ரெண்டுன்னு நெனச்சேன்."

"ரெண்டுன்னு நெனச்சவன் ஏன்யா நிறுத்தல?"

"நீதான வரலாம்னு சொன்ன."

மகன் வண்டியை எடுத்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

டிரைவர் போன் செய்தான். மகன் வீடு நாலாவது மாடியாம், லிஃப்டுக்குள் நுழைந்தால் பீரோவுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறதாம். அதற்கும் நான்தான் காரணமாம். அரை மணி நேரம் திட்டினான். மடையன், ஓட்டைவாயன், ஒருத்தன் யோசனை கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

வைத்த பிறகு வீட்டுக்காரி கேட்டாள், "என்ன, அண்ணன் நெசமாத் திட்டுறாரா, கேலியா?"

"மூஞ்சி தெரியலையே, நான் எப்படிச் சொல்றது? நேர்ல போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

வியாழக்கிழமை காலை ஆறு மணி பஸ். அவளும் வருகிறாளாம்.